புதிய பாடத்திட்டமும் நம் தொடக்கப் பிரிவும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் தெப்பக்குளத்திலிருந்து விரகனூர் போகும் வழியில் உள்ள ஒரு சிபிஎஸ்இ பள்ளியின் தொடக்கப் பிரிவில் நான் 3-ஆம் வகுப்பு ஆசிரியை. பிள்ளையை விட வரும்போது வாசலில், பெற்றோர் கூட்டத்தில், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. "புதுக் கொள்கை, புதுப் புத்தகம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்னதான் டீச்சர் மாறியிருக்கு?"

மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020 ஜூலை 29 அன்று வந்தது. அதனால் மறுநாளே வகுப்பில் எதுவும் மாறிவிடவில்லை. 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கான பாடத்திட்ட வடிவமைப்பு 2022 அக்டோபரிலும், பள்ளிக் கல்வி முழுவதற்குமான வடிவமைப்பு 2023 ஆகஸ்டிலும் வெளியாயின. அவற்றை ஒட்டி, பாடநூல் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி புதுப் புத்தகங்களைப் போடத் தொடங்கியது. 1, 2 வகுப்புகளுக்கு 2023-இல், 3-ஆம் வகுப்புக்கு 2024-இல், 4, 5 வகுப்புகளுக்கு 2025-இல் வந்தன. ஆக, இப்போது தொடக்கப் பிரிவு முழுக்கப் புதுப் புத்தகம்தான்.

வகுப்புகளைப் பிரிக்கும் முறையும் மாறியிருக்கிறது. மழலையர் வகுப்புகளின் 3 ஆண்டும் 1, 2 வகுப்புகளும் சேர்ந்து ஒரே கட்டம். 3 முதல் 5 வரை அடுத்த கட்டம். அதற்கு மேல் 6 முதல் 8, பிறகு 9 முதல் 12. உங்கள் பிள்ளை எல்கேஜியில் விளையாடுவதும் 2-ஆம் வகுப்பில் கதை படிப்பதும் ஒரே தொடர்ச்சி என்று வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. யுகேஜி வரை ஆடிப் பாடிய பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் திடீரென்று பெஞ்சில் கட்டிப்போட்டதால் அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் "இந்த மாதம் எத்தனை பாடம் முடிந்தது?" என்றுதான் ஆசிரியரைக் கேட்பார்கள். இப்போது "இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வருகிறது?" என்று கேட்கிறார்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவைதான்.

2. "எங்க தெரு கவர்மெண்ட் ஸ்கூல்லயும் இதே புத்தகம்தானா?"

இல்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் தமிழ்நாடு அரசு தயாரிக்கும் புத்தகங்கள்தான். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. மாநிலத்துக்கென்று தனியாகப் பள்ளிக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்டது. தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை அதில் தொடர்கிறது.

ஆனால் இரண்டு பக்கமும் கவலைப்படுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம். 2021 ஜூலையில் தொடங்கியது, இலக்கு 2026-27. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்பதற்காக முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு, அடுத்த ஆண்டு 4, 5-க்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்றபடி பிரித்துப் பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் அங்கேயும் உண்டு. என்னோடு படித்த தோழி ஒருத்தி மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் இருக்கிறாள். அவள் செய்த கதை அட்டைகளைக் கடன் வாங்கித்தான் என் வகுப்பில் தமிழ்ப் பாடமே நடக்கிறது.

3. "ஒண்ணாப்புல சேர்க்க 6 வயசு முடியணுமாமே? எம்மகளுக்கு இன்னும் 5 மாசம் இருக்கு."

தேசியக் கொள்கை 6 வயது என்கிறது. நரிமேடு, திருப்பரங்குன்றம் கேந்திரிய வித்யாலயாக்களில் 6 முடிந்தால்தான் 1-ஆம் வகுப்பு. தமிழ்நாட்டின் விதிப்படி ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்திருந்தால் போதும். எங்கள் பள்ளியில் மாநில விதியைப் பின்பற்றுகிறோம்.

விதி இடம் கொடுக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகள் வகுப்பிலேயே சின்னவர்களாக இருப்பார்கள். பென்சில் பிடிக்கக் கை வலிக்கிறது, மதியத்துக்கு மேல் தூங்கி வழிகிறார்கள் என்றால் இன்னும் ஓர் ஆண்டு யுகேஜியில் இருக்கட்டும். ஓர் ஆண்டு போய்விட்டதே என்று பாட்டி தாத்தா வருத்தப்படுவார்கள்தான். ஆனால் பிள்ளை தெம்பாக ஒன்றாம் வகுப்புக்கு வரும்.

4. "புத்தகம் ரெண்டே ரெண்டுதான் இருக்கு. சயின்ஸ், ஜி.கே. எல்லாம் எங்க போச்சு?"

1, 2 வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும் மட்டும்தான் புத்தகமாக வருகின்றன. செடி, மழை, வீடு, உடம்பு இதெல்லாம் மொழிப் பாடத்துக்குள்ளேயே கதையாகவும் பாட்டாகவும் இருக்கின்றன. 3-ஆம் வகுப்பில்தான் 'அவர் வொண்ட்ரஸ் வேர்ல்ட்' என்று சூழலுக்குத் தனிப் புத்தகம் தொடங்குகிறது. கணக்குக்கு 'மேத்ஸ் மேளா', ஆங்கிலத்துக்கு 'சந்தூர்'. தமிழ்ப் புத்தகம் தனி.

காசைப் பற்றியும் கேட்கிறீர்கள். என்சிஇஆர்டி புத்தகம் ஒன்று 65 ரூபாய். காசு கொடுக்காமலே அவர்களுடைய இணையதளத்திலும் இ-பாடசாலா செயலியிலும் முழுப் புத்தகத்தையும் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் பை நிறையத் தனியார் புத்தகம் வாங்கச் சொன்னால், அது எந்தப் பள்ளியாக இருந்தாலும், "எதுக்கு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அக்கா பிள்ளையின் பழைய புத்தகம் உதவுமா என்றால், பாடமாக உதவாது. கதை படிக்கவும் கூடுதலாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

5. "நோட்டைத் திறந்தா ஒண்ணுமே எழுதல. வகுப்புல என்னதான் செய்யறீங்க?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீள அளவைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு "100 சென்டிமீட்டர் 1 மீட்டர்" என்று பலகையில் எழுதி, பத்துத் தடவை எழுதச் சொல்வோம், நோட்டு நிறைந்துவிடும். இந்த ஆண்டு பள்ளி வாசலில் மல்லிகை விற்கும் பாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். பூக் கட்டும் வாழைநாரை அவர் தன் கையால் அளந்து 6 முழம் வெட்டிக் கொடுத்தார். அதே நாரைப் பிள்ளைகள் தங்கள் கையால் அளந்தார்கள். ஒருத்திக்கு 9 முழம் வந்தது. ஒருவனுக்கு 10. "பாட்டி ஏமாத்துறாங்க மிஸ்!" என்று ஒருவன் கத்தினான். "இல்லடா, உன் கை சின்னது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். சண்டை முற்றி, கடைசியில் ஒரு பையன் எழுந்து, "எல்லாரும் ஒரே கையால அளக்கணும் மிஸ், இல்லைன்னா கடையில அடிதடிதான்" என்றான். அப்போதுதான் அளவுகோலை எடுத்து மேசையில் வைத்தேன். அன்றைக்கு அவர்கள் நோட்டில் இருந்தது ஒரு கையின் படமும் 6, 9, 10 என்ற மூன்று எண்களும்தான். வீட்டில் பார்த்தவர்களுக்குப் பாடமே நடக்காத மாதிரி இருந்திருக்கும்.

பல்லாங்குழியும் வகுப்புக்கு வந்திருக்கிறது. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை என்றால் மொத்தம் எத்தனை என்று கேட்டால் 70 என்று விளையாட்டுக்குள்ளேயே வந்துவிடும். பொம்மை, விளையாட்டு வழியாகக் கற்பிக்க வேண்டும் என்று புதிய பாடத்திட்டம் சொல்கிறது. மதுரை வீடுகளில் அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சொக்கட்டான், பல்லாங்குழி, சொப்புச் சாமான் எல்லாம் பரணில் இருக்கும். நோட்டைப் பார்ப்பதற்குப் பதில் "இன்னைக்கு என்ன செஞ்ச, செஞ்சு காட்டு" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

6. "ஹோம்வொர்க் குடுக்க மாட்டேங்கறீங்க. அவன் சாயங்காலம் பூராவும் டிவிதான் பாக்குறான்."

1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018 மே மாதம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புத்தகப் பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப் பை கொள்கை. 20 கிலோ இருக்கும் பிள்ளைக்கு 2 கிலோ பை. அதே கொள்கை, 3 முதல் 5 வகுப்புகளுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் வீட்டுப்பாடம் என்கிறது. நாளைக்கு 2 மணி நேரம் என்று பலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள்.

டிவியைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு வீட்டுப்பாடம் மருந்து ஆகாது. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லுங்கள். அம்மாச்சியோடு உட்கார்ந்து கீரை ஆயச் சொல்லுங்கள். தெருவில் ஓடி விளையாடினால் அதுவும் நல்லதுதான்.

7. "மார்க் எங்க? எத்தனாவது ரேங்க்? ஓடை, மலை, வானம்னு போட்டிருந்தா நான் என்னன்னு புரிஞ்சுக்கிறது?"

புதிய முன்னேற்ற அட்டையில் பிள்ளையின் நிலையை ஓடை, மலை, வானம் என்று மூன்றாகக் குறிக்கிறார்கள். ஓடை என்றால் இப்போதுதான் தொடங்குகிறது, துணை வேண்டும். மலை என்றால் பெரும்பாலும் தானே செய்கிறது. வானம் என்றால் துணையில்லாமல் முழுக்கத் தானே செய்கிறது. அட்டையில் பிள்ளை தன்னைப் பற்றித் தானே நிரப்பும் பக்கமும், நண்பன் நிரப்பும் பக்கமும், நீங்கள் நிரப்பும் பக்கமும் இருக்கின்றன.

உங்கள் பக்கத்தைத் தயவுசெய்து நிரப்புங்கள். பாதிப் பேர் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். "வீட்டில் தம்பிக்குக் கதை சொல்கிறாள், ஆனால் புத்தகத்தைத் தொடுவதில்லை" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அந்தப் பெண்ணுக்கு வாசிப்பில்தான் தடை, பேச்சில் இல்லை என்று கண்டுபிடித்தேன். ரேங்க் எங்களிடம் இல்லை, கேட்டாலும் தர மாட்டோம்.

8. "அஞ்சாம் வகுப்புலயே ஃபெயில் போடுவாங்கன்னு டிவில சொன்னாங்களே?"

5, 8 வகுப்புகளில் தேறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் விதியை மாற்றியது. முதலில் தேறாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்துவது. இது கேந்திரிய வித்யாலயா போல மத்திய அரசே நடத்தும் பள்ளிகளுக்கானது. 8-ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்ற முறை இங்கே தொடரும் என்று தமிழ்நாடு அரசு அப்போதே அறிவித்துவிட்டது. எங்கள் தொடக்கப் பிரிவிலும் யாரையும் நிறுத்துவதில்லை.

பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தி வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. படிப்பு வராததற்கு வீட்டு நிலைமை, கண் பார்வை, காது, பயம் என்று நூறு காரணம் இருக்கும். அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தால் அதில் எந்தக் காரணமும் சரியாகிவிடாது. அவமானம் மட்டும் கூடும். பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பே நின்றுபோகும் வீடுகளும் உண்டு.

9. "கொல்லைப்புற வழியா ஹிந்தியக் கொண்டு வர்றாங்களா?"

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மண்ணில் இது பழைய காயம். பாடத்திட்டத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். 5-ஆம் வகுப்பு வரை இரண்டு மொழிகள்தான். மூன்றாவது மொழி 6-ஆம் வகுப்பில் வருகிறது. ஆகவே தொடக்கப் பிரிவில் மூன்றாம் மொழி என்ற பேச்சே இல்லை. எங்களிடம் 1 முதல் 5 வரை ஆங்கிலமும் தமிழும் மட்டும்.

தமிழைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் பிள்ளைகள் தமிழ் படித்தே ஆக வேண்டும், பிறகு அது சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் படிப்படியாக வந்தது. "தமிழை விட்டுட்டு வேற மொழி குடுங்க" என்று கேட்கும் பெற்றோருக்கும் இதுவே பதில்.

10. "தாய்மொழியிலதான் நடத்தணும்னு சிபிஎஸ்இ சொல்லிருச்சாமே. நாங்க இங்கிலீஷுக்காகத்தான சேர்த்தோம்?"

2025 மே மாதம் சிபிஎஸ்இ ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மழலையர் வகுப்பு முதல் பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கணக்கெடுங்கள், சின்ன வகுப்புகளில் அவர்களுக்குப் பழகிய மொழியில் கற்பியுங்கள் என்றது. பள்ளி திறந்ததும் வீட்டுமொழி கேட்டுப் படிவம் அனுப்பினோமே, அது இதற்காகத்தான்.

ஆங்கிலப் புத்தகம் அப்படியே இருக்கிறது. விளக்கம், கதை, கணக்கில் "ஏன்?" என்ற கேள்வி எல்லாம் தமிழில் நடக்கின்றன. பிள்ளை தமிழில் பதில் சொன்னால் தடுப்பதில்லை. முன்பு வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போட்ட பள்ளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலம் போனது எனக்குப் பெரிய நிம்மதி. கழித்தல் என்றால் என்ன என்று தமிழில் புரிந்த பிள்ளைக்கு அதற்கான ஆங்கிலச் சொல் ஒரு வாரத்தில் வந்துவிடும். சொல் மட்டும் தெரிந்து கணக்குப் புரியாத பிள்ளையை மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. வீட்டிலும் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேச வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள்.

11. "நாங்க சௌராஷ்டிரா. வீட்ல தமிழும் பேசறதில்ல, இங்கிலீஷும் பேசறதில்ல. எங்க புள்ளைக்கு எது தாய்மொழிக் கல்வி?"

முனிச்சாலை, அனுப்பானடிப் பக்கமிருந்து வரும் பெற்றோர் கேட்பது. மிக நல்ல கேள்வி. பதில் முழுமையாக இல்லாத கேள்வியும்கூட. அரசு அங்கீகரித்த மொழிகளின் பட்டியலான அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சௌராஷ்டிரம் இல்லை. அதில் பாடப் புத்தகம் வராது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், மாசி வீதிக் கடைகளில் மார்வாரி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் என்று ஒரே வகுப்பில் நாலு வீட்டுமொழி இருக்கும் ஊர் இது. வீட்டுமொழியில் கற்பிக்க முடியாத இடத்தில், பிள்ளைக்குப் பழகிய மாநில மொழியைப் பயன்படுத்தலாம் என்று சிபிஎஸ்இ சொல்கிறது. நாங்களும் தமிழைத்தான் எடுத்துக்கொண்டோம். தெருவிலும் விளையாட்டிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருப்பது அதுதான்.

ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. என் வகுப்பில் ஒரு பெண் விரலை மடக்கி சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்து எண்ணுவாள், விடையைத் தமிழில் சொல்வாள், நோட்டில் ஆங்கிலத்தில் எழுதுவாள். அதைத் தடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பாட்டிமாரை வரவழைத்து அவர்கள் மொழியிலேயே கதை சொல்ல வைக்கிறோம். ஒரு பிள்ளை எழுந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லும். தன் வீட்டு மொழிக்கு வகுப்பில் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளை பேசப் பயப்படாது. "ஸ்கூல்ல குழம்பிருவான்" என்று நினைத்து வீட்டில் சௌராஷ்டிரத்தை நிறுத்துகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்தாதீர்கள். பள்ளியால் அதைத் திரும்பக் கொடுக்க முடியாது.

12. "புத்தகத்துல வர்ற பேரும் ஊரும் வடக்கதான் இருக்கு. நம்ம புள்ளைக்கு என்ன ஒட்டும்?"

நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம் போட்டால் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும். பாடத்தின் கேள்வியை வைத்துக்கொண்டு இடத்தை மாற்றுவது ஆசிரியரின் வேலை. "உங்கள் ஊர் ஆற்றைப் பற்றி எழுது" என்று இருந்தால் எங்களுக்கு வைகை பக்கத்திலேயே இருக்கிறது. ஏன் பல மாதம் தண்ணீர் இல்லை, விரகனூர் மதகணையில் என்ன செய்கிறார்கள், சித்திரைத் திருவிழாவுக்கு ஏன் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்று மூன்று நாள் பேசலாம். பழங்காலப் பொருள்கள் பற்றிய பாடத்துக்குக் கீழடி போனோம். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. இங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. தமிழி எழுத்து கீறிய பானை ஓட்டைப் பார்த்துவிட்டு, "மிஸ், அப்பவும் டிபன் பாக்ஸ்ல பேர் எழுதியிருக்காங்க!" என்றான் ஒருவன். பெரிய பிள்ளைகள் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தே சுற்றளவு படிக்கிறார்கள்.

13. "மூணாப்பு வந்துட்டான், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். டியூசன்ல சேர்க்கவா?"

சேர்க்க வேண்டாம். டியூசனில் பெரும்பாலும் மறுநாள் பாடத்தை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இவனுக்கு வேண்டியது 1-ஆம் வகுப்பு நிலை வாசிப்பு. 3-ஆம் வகுப்பில் இப்படிச் சில பிள்ளைகள் இருப்பது வழக்கம்தான். அவர்களைக் காலையில் முதல் அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்து, அவர்கள் நிலைக்கேற்ற சின்னக் கதைகளைப் படிக்க வைக்கிறேன். கேள்வி 2-இல் சொன்ன அரும்பு, மொட்டு, மலர் முறையிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை இது.

முதலில் ஒரு தடவை கண்ணைச் சோதித்துவிடுங்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளைகளில் சிலருக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. அப்புறம், பேருந்தில் போகும்போது 'மாட்டுத்தாவணி', 'ஆரப்பாளையம்', 'பெரியார்' என்று பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். சிறுவர் பகுதியில் அவனே ஒரு புத்தகத்தை எடுக்கட்டும், அது அவன் வகுப்புக்குக் கீழான புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை. தினமும் பத்து நிமிடம் அவன் படிக்க நீங்கள் கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

14. "டீச்சருக்கே இதெல்லாம் புரிஞ்சிருக்கா? எங்க புள்ளைய வச்சு சோதனை பண்றீங்களோ?"

ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. நாங்களும் பெறுகிறோம். சில பயிற்சிகள் உண்மையிலேயே கண்ணைத் திறந்தன. சிலவற்றில் திரையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுவதோடு சரி. ஒரே வகுப்பில் பாடம் எடுக்கும் நாங்கள் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, அந்த வாரம் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பேசிக்கொள்கிறோம். எனக்கு அதிகம் உதவுவது அதுதான்.

உண்மையான சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் கேள்வி 7-இல் சொன்ன அட்டையை மனசாட்சியோடு நிரப்புவது மிகக் கடினம். இந்தப் பாடத்திட்டம் நன்றாக நடக்க வேண்டுமானால் வகுப்பு சிறியதாக இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஏசி வேண்டும், நீச்சல் குளம் வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்டால் எங்களுக்குப் பலமாக இருக்கும்.

15. "ஆறாம் வகுப்புக்கு ஸ்டேட் போர்டு மாத்தலாம்னு இருக்கோம். இங்க படிச்சது வீணாப் போகுமா?"

வீணாகாது. 6-ஆம் வகுப்பில் மாற்றுவதற்குப் பலர் சொல்லும் காரணமும் தெரியும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நியாயமான காரணங்கள்தான்.

கணக்கும் அறிவியலும் இடிக்காது. இடிக்கிற இடம் தமிழ். மாநிலப் பாடத்திட்டத்தில் 6-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் செய்யுள், இலக்கணம் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆங்கில வழியிலேயே படித்த பிள்ளைக்கு எழுதும் வேகமும் குறைவாக இருக்கும். மாற்றுவது என்று முடிவு செய்திருந்தால் 5-ஆம் வகுப்புத் தொடக்கத்திலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். தினமும் ஐந்து வரி தமிழில் சொந்தமாக எழுதும் பழக்கத்தை அந்த ஆண்டிலேயே கொண்டுவந்துவிடலாம்.

16. "எல்லாம் சரிதான் டீச்சர். பத்தாவதுல போய் மார்க்தான கேப்பாங்க? அப்ப இந்த விளையாட்டெல்லாம் உதவுமா?"

உதவும். சிபிஎஸ்இ 10-ஆம் வகுப்பு வினாத்தாளில் பாதி மதிப்பெண் திறன் சார்ந்த கேள்விகளுக்குத்தான். சூத்திரத்தை எழுதச் சொல்ல மாட்டார்கள். ஒரு மின்கட்டண ரசீதையோ வரைபடத்தையோ கொடுத்து, "இதிலிருந்து என்ன தெரிகிறது, ஏன்?" என்று கேட்பார்கள். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளை எத்தனை பாடத்தை மனப்பாடம் செய்திருந்தாலும் அங்கே நின்றுவிடும். "எல்லாரும் ஒரே கையால அளக்கணும்" என்று கேள்வி 5-இல் சொன்னானே, அவன் அப்படி நிற்க மாட்டான் என்று நம்புகிறேன்.

5-ஆம் வகுப்பு முடிக்கும்போது இவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தியைப் படித்துவிட்டுத் தன் சொல்லில் சொல்ல வருகிறதா? மளிகைக் கடை ரசீதைக் கூட்டிச் சரிபார்க்க வருகிறதா? யாருக்காவது அரைப்பக்கக் கடிதம் எழுத வருகிறதா? புரியாததைப் புரியவில்லை என்று கூச்சமில்லாமல் கேட்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் ஆண்டுத் தேர்வு வரை பொறுத்திருக்காமல் அந்த வாரமே வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் நாங்கள் பள்ளியில்தான் இருப்போம்.